ரீலோட் போட்ட காசு எங்கே போகிறது?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி
2025 செப்டம்பர் 5

"அம்மாவின் போனுக்கு நான்தான் ரீலோட் போடுகிறேன். போட்ட அடுத்த நிமிடமே கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அவர் யாரோடும் கதைக்கவும் இல்லை, டேட்டாவும் போடவில்லை. கேட்டால் 'நான் ஒண்டையும் அமத்தேல்லை பிள்ளை' என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், இப்போது எல்லாம் ஆப்பும் கார்டும்தான், போன் கணக்கில் கழிக்கிற காலம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடத்தில் இது தானாகச் செத்துவிடும் என்று. அப்படியா?"

2025 செப்டம்பர் 6, சனி இரவு

சாகாது. காசு எடுக்கிற ஆள் மாறுவார், அவ்வளவுதான்.

முதலில் அம்மாவின் விஷயத்தை முடிப்போம். ஸ்மார்ட்போன் என்றால் நெட்வொர்க்கின் சொந்த ஆப்பை இறக்கி, அந்த எண்ணில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பட்டியலைப் பாருங்கள். பொத்தான் போன் என்றால் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைக்க வேண்டியதுதான். அங்கே "காசு வெட்டுகிறது, நிறுத்துங்கள்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கடைசியாக வெட்டிய ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு வணக்கம் சொல்லிவிடுவார்கள். "இந்த எண்ணில் உள்ள எல்லாச் சேவைகளையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள்" என்று கேளுங்கள். வாசித்து முடித்ததும், இனி எதுவும் சேராமல் மொத்தமாக அடைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

நான் சில வருடங்கள் பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய கம்பெனியில் இந்த எஸ்எம்எஸ் சேவைகளுக்கு நிரல் எழுதிக் கொடுத்தவன். ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், இன்றைய சிந்தனை, எல்லாம். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் இந்தப் பந்தியோடு போகலாம்.

2025 செப்டம்பர் 6, அதே இரவு

ஒருவர் கேட்டுவிட்டார்: "இன்றைய சிந்தனையை யார் எழுதினார்கள்?"

அன்று மாலை தேநீர் போடப் போகாத ஆள் எழுதுவார்.

2025 செப்டம்பர் 7, போயா

லீவு. விரிவாகச் சொல்கிறேன்.

"ரீலோட் போட்ட அடுத்த நிமிடமே" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஒரு சேவைக்கு நாளுக்கு ஐந்து ரூபாயும் வரியும் என்று வையுங்கள். தினமும் ஒரு நேரத்தில் பில்லிங் கணினி அந்த எண்ணைத் தட்டி ஐந்து ரூபாய் கேட்கும். மீதி இருந்தால் எடுக்கும். இல்லாவிட்டால் விட்டுவிடாது, சில மணி நேரம் கழித்துத் திரும்பத் தட்டும். மறுநாளும் தட்டும். ஐந்து இல்லையா, இருக்கிற இரண்டை எடுத்துக்கொள்கிற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. சில நெட்வொர்க்குகளில் ரீலோட் விழுந்த செய்தியே பில்லிங் கணினிக்கும் போகும். அது காத்திருந்த வரிசையை உடனே ஓடவிடும். உங்கள் அம்மாவின் காசு அந்த ஒரு நிமிடத்தில் குறைவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஆள் சேர்ப்பது பாதி வேலை. மற்றப் பாதி, சேர்ந்த ஆளிடம் காசு இருக்கிற நொடியைப் பிடிப்பது. எங்கள் கூட்டங்களில் சேவை நன்றாக இருக்கிறதா என்ற பேச்சை விட, எத்தனை எண்களில் இன்று காசு எடுபட்டது என்ற பேச்சுத்தான் அதிகம். ராசிபலன் தவறாகப் போனது என்று யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

மாதக் கணக்குக் கிடையாது, நாள் கணக்குத்தான். ஏன்? இங்கே பெரும்பாலான எண்கள் ப்ரீபெய்ட். 150 ரூபாய் ஒரே தடவை போனால் சனம் சத்தம் போடும். ஐந்து ஐந்தாகப் போனால் "டேட்டாவில் போயிருக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும். போஸ்ட்பெய்ட்காரருக்கு மாத முடிவில் பில்லாவது வரும், அதில் ஒரு வரியாவது இருக்கும். ப்ரீபெய்ட்காரருக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

தமிழுக்கு இதில் தனி வில்லங்கம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. யூனிகோட் தமிழ் என்றால் 70. அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. குறி, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி எண்ணிக்கை. விருச்சிகம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் 11. ஒன்றுக்கு மேற்பட்ட துண்டாகப் போனால் துண்டுகளை ஒட்டும் தகவலுக்கும் இடம் வேண்டும், துண்டுக்கு 67தான் மிஞ்சும். சிங்களத்துக்கும் இதே கதிதான். ஆக, ஒரே சேவையை ஆங்கிலத்தில் கொடுக்க ஒரு துண்டு, தமிழில் கொடுக்க மூன்று. சந்தாதாரரிடம் எடுக்கும் காசோ ஒன்றேதான். கம்பெனி என்ன செய்யும்? தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பும். "இண்ட்ரு உங்கலுக்கு நல்ல நால்" என்று வாசித்த தலைமுறை நாங்கள். போனின் திரையில் தமிழ் எழுத்துத் தெரியாது என்பது ஒரு காரணம்தான், அதை விடப் பெரிய காரணம் இந்தக் கணக்கு.

2025 செப்டம்பர் 9

கொட்டாஞ்சேனை நண்பர் எழுதுகிறார்: "சம்மதம் கேட்காமல் சேர்த்தால் சட்டம் இல்லையா? நீங்கள் எல்லாரையும் கள்ளர் என்கிறீர்கள்."

எல்லாரையும் சொல்லவில்லை அண்ணன். நேராக வேலை செய்த இடங்களும் உண்டு, விரும்பிச் சேர்ந்து வருடக்கணக்காகச் செய்தி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் சம்மதம் என்பதை எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் விளையாட்டு. போன் திரையில் தானாகக் குதிக்கும் ஒரு பெட்டி வரும். அதில் 'சரி' மட்டும் பெரிதாக இருக்கும். வயதானவர் அந்தப் பெட்டியைப் போக்காட்ட அதை அமத்துவார். அமத்தினால் சேர்ந்தாயிற்று. கணினியில் நேரம், திகதியோடு பதிவும் இருக்கும். கேட்டால் "வாடிக்கையாளர் தானே சேர்ந்திருக்கிறார்" என்பார்கள். அது பொய்யும் இல்லை.

இது இங்கே மட்டும் நடந்த கூத்து இல்லை. இந்தியாவில் 2013 ஜூலையில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ட்ராய் ஒரு உத்தரவு போட்டது: சேவைக்குச் சேரச் சொல்லி ஒரு தடவை சம்மதம் எடுத்தால் போதாது, தனியாக இரண்டாவது தடவையும் உறுதி எடுக்க வேண்டும். நிறுத்துவதற்கு எல்லா நெட்வொர்க்குக்கும் ஒரே கட்டணமில்லா எண், 155223. அதன் பிறகு அங்கே இந்தத் தொழிலே சுருங்கிவிட்டது. இரண்டாம் தடவை கேட்டதும் சனம் வேண்டாம் என்றிருக்கிறது! அப்படியென்றால் முதல் தடவைச் சம்மதம் எப்படிப்பட்டது என்று நீங்களே பாருங்கள்.

அமெரிக்காவில் இன்னும் பெரிதாக வெடித்தது. மாதம் 9.99 டாலர் என்று பில்லில் செருகி, யாரும் கேட்காத நகைச்சுவைத் துணுக்கும் சோதிடமும் அனுப்பியிருக்கிறார்கள். அதற்காக அங்குள்ள நெட்வொர்க்குகள், 2014இல் ஏடி அண்ட் டி 105 மில்லியன் டாலர், டி-மொபைல் குறைந்தது 90 மில்லியன், அடுத்த வருடம் வெரைசன் 90, ஸ்ப்ரின்ட் 68 மில்லியன் என்று கட்டி வழக்கைத் தீர்த்தார்கள். அங்கே பெரிய நெட்வொர்க்குகள் கட்டண எஸ்எம்எஸ்ஸை 2013 கடைசியிலேயே மூடத் தொடங்கிவிட்டன.

சோதிடம் மட்டும் எந்த நாட்டிலும் தப்பவில்லை, கவனித்தீர்களா?

2025 செப்டம்பர் 13

இன்னொருவர் எழுதியது: "எஸ்எம்எஸ்ஸும் அனுப்பவில்லை, பெட்டியும் வரவில்லை. ஏதோ ஒரு தளத்தில் பாட்டு இறக்க அமத்தினேன். என் எண்ணை நான் கொடுக்கவே இல்லை. எண் எப்படித் தெரிந்தது?"

நல்ல கேள்வி. நீங்கள் சிம் டேட்டாவில் இருக்கும்போது, நெட்வொர்க்குக்கு உங்கள் எண் தெரியும். அது நீங்கள் கேட்கும் பக்கத்துக்குப் போகும் கோரிக்கையின் தலைப்பகுதியில் உங்கள் எண்ணையோ அதற்குச் சமமான ஒரு குறியையோ செருகி அனுப்பலாம். ஒப்பந்தம் உள்ள தளத்துக்கு மட்டும்தான் அது போக வேண்டும். அந்தத் தளம் எண்ணை வாசித்து, "கட்டணம் இவ்வளவு, சம்மதமா" என்று ஒரு பக்கம் காட்டும். நீங்கள் அமத்தினால் கணக்கில் கழியும். இதுதான் வாப் பில்லிங். எண்ணும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வசதி என்றால் இதற்கு மேல் வசதி கிடையாது. திருடனுக்கும் அதே வசதிதான்.

வைஃபையில் இருந்தால் இது நடக்காது, ஏனென்றால் அப்போது உங்கள் பக்கம் சிம் நெட்வொர்க் வழியாகப் போகவில்லை. ஜோக்கர் என்று ஒரு வகைத் தீநிரல் இருக்கிறது. அது போனுக்குள் நுழைந்ததும் இந்தப் பக்கங்களைப் பின்னால் ரகசியமாகத் திறந்து, 'சம்மதம்' பொத்தானைத் தானே அமத்தி, ஓடிபி எஸ்எம்எஸ் வந்தால் அதையும் தானே வாசித்து உங்களைச் சேர்த்துவிடும். வைஃபையில் வேலை நடக்காது என்பதால், அதை அணைத்துவிட்டு டேட்டாவுக்கு மாற்றுகிறவையும் இதே இனத்தில் இருக்கின்றன. 2020 ஜனவரியில் கூகுள் சொன்ன கணக்கு, 2017 முதல் ப்ளே ஸ்டோரிலிருந்து இப்படிப்பட்ட 1700 ஆப்களை எடுத்துவிட்டதாக. வால்பேப்பர், படம் அழகாக்குவது, எஸ்எம்எஸ்ஸுக்கு எமோஜி போடுவது, இந்த மாதிரிப் பெயர்களில் வரும்.

பக்கங்கள் எச்டிடிபிஎஸ் என்ற, நடுவில் யாரும் கைவைக்க முடியாத பூட்டிய வழிக்கு மாறிய பிறகு நெட்வொர்க்குக்கு நடுவில் எண்ணைச் செருகுவது கஷ்டமாகிவிட்டது. அதனால் இப்போது முதலில் நெட்வொர்க்கின் சொந்தப் பக்கத்துக்குத் திருப்பி, அங்கே எண்ணைப் பிடித்து, திரும்ப அனுப்புகிறார்கள். ஒருவிதத்தில் நல்லது. சம்மதப் பக்கம் நெட்வொர்க்கின் கையில் இருந்தால் பொறுப்பும் அவர்கள் கையில்.

2025 செப்டம்பர் 14

உங்கள் அம்மா பாட்டு இறக்குகிறாரா என்று கேட்க மறந்துவிட்டேன். பக்திப் பாட்டுத் தளங்களைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

2025 செப்டம்பர் 20

இனி அலுவலக நண்பரின் பேச்சுக்கு வருவோம். ஆப்பும் கார்டும் வந்ததால் போன் கணக்கு செத்துவிடுமா?

யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால் விளங்கும். எங்கள் காலத்தில் வாடிக்கையாளரிடம் எடுத்த காசில் வரி போக, பாதிக்கு மேல் நெட்வொர்க்குக்கு. நடுவில் இணைப்புக் கொடுக்கும் கம்பெனி ஒரு பங்கு. கடைசியில் பாட்டின் சொந்தக்காரரோ ராசிபலன் எழுதியவரோ, மிச்சத்தை நக்கலாம். இது எல்லா ஊரிலும் அப்படி இருந்ததில்லை. ஜப்பானில் டோகோமோ என்ற நெட்வொர்க் 1999 பெப்ரவரியில் ஐ-மோட் என்ற போன் இணையச் சேவையைத் தொடங்கியபோது, சேவை நடத்துபவரின் மாதக் கட்டணத்தைத் தன் பில்லில் சேர்த்து வசூலித்துக் கொடுத்துவிட்டு, தனக்கு 9 வீதம் மட்டும் எடுத்தது. 91 வீதம் எழுதியவனுக்கு! மாதக் கட்டணத்துக்கு 300 யென் என்று உச்சவரம்பும் வைத்திருந்தது. சனம் டேட்டாவைப் பாவித்தால் அதில் காசு வரும், பிறகு ஏன் சின்னப் பையன் பங்கைப் பிடுங்க வேண்டும் என்ற கணக்கு. நல்ல கணக்கு. நம் பக்கம் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அதனால்தான் 2008இல் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்து "எங்களுக்கு 30, உங்களுக்கு 70" என்றபோது எங்கள் கம்பெனியில் ஒருத்தர் நம்பவே இல்லை, எழுபதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இன்று அதே 30ஐத்தான் உலகமே கொள்ளை என்கிறது. இரண்டும் நியாயம்தான். 2021இல் இருந்து வருடம் ஒரு மில்லியன் டாலருக்குள் சம்பாதிப்பவர்களுக்கு ஆப்பிள் 15 என்றது, கூகுளும் அந்த வருட நடுவில் முதல் மில்லியனுக்கு 15 என்றது.

ஆப் ஸ்டோர் வந்து சில வருடங்களில் இங்கேயும் நெட்வொர்க்குகள் கொஞ்சம் திறந்துவிட்டன. ஐடியாமார்ட், எம்ஸ்பேஸ் என்று வந்தன. பல்கலைக்கழகப் பிள்ளைகளே நேராக நிரல் எழுதிப் போட்டு, போன் கணக்கில் கட்டணம் எடுக்கலாம் என்ற நிலை. நடுக் கம்பெனி கழன்றது. நல்ல ஆப்களும் வந்தன, ராசிபலனும் வந்தது.

2025 செப்டம்பர் 28

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது: "கார்ட் இல்லாதவனுக்கு ரீலோட்தான் கார்ட்."

அதுதான் சங்கதி. கூகுள் ப்ளேயில் ஒன்று வாங்கி, போன் கணக்கில் சேர் என்று சொல்லும் வசதி இங்கேயும் இருந்தது. கடனட்டை இல்லாத மாணவன், தையல்காரி, ஓட்டோ ஓட்டுபவர் எல்லாரும் அதில் வாங்கினார்கள். 2022இல் டாலர் இல்லாமல் போனது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதம் 360ஐத் தொட்டது. வாடிக்கையாளர் ரூபாயில் கட்டினாலும், நெட்வொர்க் கூகுளுக்கு டாலரில்தானே அனுப்ப வேண்டும்? அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்குக் கார்டில் கட்டுவதற்கும் வங்கிகள் எல்லை வைத்தன. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டாலர் இல்லாத நேரத்தில் விளையாட்டுக்கு யார் கொடுப்பார்? நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்களா?

என் மருமகன் ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டில் பைத்தியம். வழி அடைபட்டதும் வேறு வழி திறந்தது. ஃபேஸ்புக்கில் ஒருவர், வாட்ஸ்அப்பில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் ஒரு ரீலோட் கடைக்காரர். இசி காஷில், அதாவது போன் வழியாக, காசு அனுப்பு, விளையாட்டின் ஐடியைக் கொடு, விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வந்து விழும். விலை கூட. சில நேரம் காசு போகும், டைமண்ட் வராது. அப்போது யாரிடம் போய்க் கேட்பது? ஸ்டோரில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் காசைத் திரும்பக் கேட்கலாம். கடைக்காரரிடம் கேட்டால் "தம்பி, சேவர் பிரச்சினை" என்பார்.

ஆனால் பாருங்கள், அந்தப் பையன் ஒரு தடவைகூடத் தெரியாமல் காசு இழந்ததில்லை. ஏமாந்திருக்கிறான், ஆனால் ஒவ்வொரு ரூபாயையும் அவனே அனுப்பினான். அவனுடைய அம்மம்மா யாரிடமும் ஏமாறவில்லை, அவருக்கு நாளுக்கு ஐந்து ரூபாய் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கார்டா, சிம்மா, ஆப்பா என்பதல்ல. காசை நாம் கொடுக்கிறோமா, அவர்கள் எடுக்கிறார்களா?

2025 ஒக்டோபர் 12

"அமெரிக்க நீதிமன்றம் ஆப்பிளையும் கூகுளையும் மடக்கிவிட்டதே, இனி விலை குறையுமா?" என்று மூன்று பேர் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள்.

சுருக்கமாக. எபிக் என்ற விளையாட்டுக் கம்பெனி 2020 ஓகஸ்டில் ஃபோர்ட்நைட்டுக்குள் தன் சொந்தக் கட்டண வழியை வைத்தது, இரண்டு ஸ்டோரும் அதைத் தூக்கி எறிந்தன, வழக்குப் போனது. 2025 ஏப்ரல் 30ஆம் திகதி, ஆப்புக்கு வெளியே இணைப்பு வழியாக வாங்குவதற்கு ஆப்பிள் பங்கு கேட்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். ப்ளே ஸ்டோரில் வேறு கட்டண வழிகளையும் விடச் சொன்ன உத்தரவுக்கு எதிரான மேன்முறையீட்டில் கூகுள் ஜூலை 31ஆம் திகதி தோற்றது. 2025 ஒக்டோபர் 6ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது.

நல்ல செய்தி. ஆனால் உத்தரவுகள் அமெரிக்காவுக்கு. ஐரோப்பாவுக்கு 2024 மார்ச்சில் இருந்து அவர்களுடைய சொந்தச் சட்டம். தென் கொரியா 2021இலேயே சட்டம் போட்டது. நாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஐபோன்காரருக்கு இன்றும் விலை டாலரில்தான் காட்டுகிறது. கூகுள் ரூபாயில் காட்டுகிறது, அது ஒரு நிம்மதி. அதற்குள் இருப்பதும் டாலர்தான்.

என் சந்தேகம் வேறு. ஸ்டோரின் பிடி தளர்ந்தால் ஒவ்வொரு ஆப்பும் தன் கட்டணப் பக்கத்தைத் தானே வைக்கும். ஸ்டோரில் இப்போது ஒரே இடத்தில் சந்தாக்களைப் பார்த்து ஒரு விரலால் நிறுத்தலாம். பத்து ஆப் பத்து இடத்தில் வசூலித்தால்? வாப் காலத்துப் பக்கங்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. 30 வீதம் அநியாயம். அந்த நிறுத்தும் பொத்தான் அநியாயம் இல்லை.

2025 ஒக்டோபர் 22

தீபாவளிக்கு வந்திருந்த சித்தி, வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நல்ல விவரமான ஆள், தன் கார்ட் அறிக்கையை நீட்டினார். ஏதோ ஒரு பிடிஎஃப் ஆப். ஏழு நாள் இலவசம், பிறகு வாரா வாரம் டாலர். ஒரு தடவை வாடகை ஒப்பந்தம் ஒன்றை ஸ்கேன் செய்வதற்காக இறக்கினாராம். ஆப்பை அழித்துவிட்டார், சந்தாவை அழிக்கவில்லை. ஆப்பை அழித்தால் சந்தாவும் போய்விடும் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். போகாது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தை அமத்தி, 'கட்டணங்களும் சந்தாக்களும்' என்ற இடத்துக்குப் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குள் இருக்கிறது.

அலுவலக நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ரீலோட்டில் நாளுக்கு ஐந்து ரூபாய் எடுத்த அதே மூளைதான் கார்டில் வாரத்துக்கு ஐந்து டாலர் எடுக்கிறது. ரீலோட்டுக்கு ஒரு நல்ல குணம்: காசு தீர்ந்தால் திருட்டும் நிற்கும். கார்டுக்கு அந்த அடிமட்டம் கிடையாது.

2025 ஒக்டோபர் 23

"அப்படியென்றால் கார்ட் வேண்டாம், ரீலோட்தான் நல்லது என்கிறீர்களா?" இல்லை. வெளிநாட்டுச் சந்தாக்களுக்கு என்று ஒரு தனி டெபிட் கணக்கு வைத்து, அதில் தேவையான அளவு மட்டும் காசு போட்டுவையுங்கள் என்கிறேன். சித்திக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன். வங்கி ஆப் ஒன்றில் வெளிநாட்டு இணையக் கட்டணத்தை அணைக்கும் பொத்தானும் இருந்தது, தேவைப்படும் நேரம் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 12

வரி பற்றிக் கேட்டவருக்கு.

ரீலோட்டில் இருந்து கழியும் சேவைக்கு எப்போதும் "வரியும் சேர்த்து" என்று சிறிய எழுத்தில் இருக்கும். வட் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 வீதம், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு 2.5 வீதம், இன்னும் சில. உள்ளூரில் தமிழ்க் கதை விற்பவர் அதைக் கட்டினார். வெளிநாட்டில் இருந்து படம் காட்டுபவர் கட்டவில்லை. 2025இல் வட் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் இருந்து இணைய வழியாகச் சேவை கொடுப்பவர்களுக்கும் 18 வீதம் என்று கொண்டுவந்தார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்க இருந்தது, பிறகு 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளிவைத்தார்கள். ஆயிரம் ரூபாய்ச் சந்தா 1180 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் டாலராகப் போனால் வங்கி போடும் மாற்றுவீதமும் முத்திரைத் தீர்வையும் வேறு.

விலை கூடுவது யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். ஆனால் ஒரே தெருவில் இரண்டு கடை, ஒருவருக்கு மட்டும் வரி என்றிருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2010 பக்கம் நாங்கள் தமிழ்ச் சிறுவர் கதையை ஒலியாக விற்கப் பார்த்தபோது, வரியும் நெட்வொர்க் பங்கும் போக மிஞ்சியது கதை வாசித்த பெண்ணுக்குப் பஸ் காசுக்கும் காணாது.

2025 நவம்பர் 15

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். அம்மாவின் எண்ணில் மூன்று சேவைகள் இருந்தனவாம். ஒன்று கிரிக்கெட். அம்மாவுக்கு கிரிக்கெட் பிடிக்கும் என்பதால் அதை விட்டுவைக்கச் சொல்லிவிட்டாராம்! நல்லது, அது இனிமேல் தெரிந்து கொடுக்கிற காசு.

2025 நவம்பர் 16

கடைசியாகத் தனிச் செய்தியில் வந்த கேள்வி, எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே. மருதானையில் இரண்டு பேர் சேர்ந்து ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குத் தமிழ்ப் பயிற்சி ஆப் ஒன்று செய்கிறார்கள். கட்டணத்தை எப்படி எடுக்கலாம் என்கிறார்கள்.

தம்பிமார், நாள் கட்டணம் வைக்காதீர்கள். யாராவது வந்து "நாளுக்கு மூன்று ரூபாய், பெற்றோர் கவனிக்க மாட்டார்கள்" என்று சொல்வார்கள். சொல்பவர் இந்தத் தொழிலில் என்னை விடப் பழையவராகவும் இருப்பார். கேட்காதீர்கள். பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவை, கட்டணமும் பாடசாலைத் தவணைக்கு ஒரு தடவை போதும். புதுப்பிப்பதைத் தாயோ தகப்பனோ கையால் செய்யட்டும். தானாக வேண்டாம்.

எடுக்கும் வழி: ஆப்புக்குள் விற்றால் ப்ளே ஸ்டோரின் வழியில் போக வேண்டும், 15 வீதம் கொடுங்கள், முதலில் அது பரவாயில்லை. ரியூஷன் வகுப்புகள், புத்தகக் கடைகள் மூலம் கீறும் அட்டையாக விற்பதையும் யோசியுங்கள். பழைய ரீலோட் அட்டை மாதிரியேதான், கடைக்காரருக்கு விளங்கும், தாய்மாருக்கும் விளங்கும். கடையில் போனால் ஸ்கேன் செய்து கட்டும் லங்கா க்யூஆர் இருந்தால் காசு நேரே கணக்குக்கு வரும், அங்கே போகும் கட்டணம் ஸ்டோர் எடுக்கும் பங்குக்குப் பக்கத்திலும் வராது. ஆனால் அட்டையின் எண்ணை ஆப்பில் போட்டுத் திறக்கவிடுவதற்கு முன் ஸ்டோரின் விதிகளை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள், அதில் சிக்கித் தூக்கப்பட்ட ஆப்கள் உண்டு.

ஸ்டோரின் விதிகள் இடம் கொடுத்தால், உள்ளூர் நெட்வொர்க் மூலம் போன் கணக்கில் கழிக்கும் வழியையும் வையுங்கள். தோட்டப் பகுதியில் இருக்கும் பிள்ளையின் தகப்பனுக்குக் கார்டும் இருக்காது, க்யூஆர் கடையும் பக்கத்தில் இருக்காது. ரீலோட் கடை இருக்கும். ஒரு தடவைக் கட்டணமாக, ஓடிபி கேட்டு, "இவ்வளவு கழிந்தது, இனித் தானாகக் கழியாது" என்று தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். 70க்குள் அடங்காது, இரண்டு துண்டு போகும். போகட்டும்.

விலையை எவ்வளவு வைக்கலாம் என்பதை ரியூஷன் மாஸ்டர் யாரையாவது கேளுங்கள், எனக்குத் தெரிந்தது ராசிபலன் விலைதான்.